பட்லர் செய்த கிரனோலா

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. கனத்த ஜாடி, மூடியும் கண்ணாடிதான். மூடியின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு உடைசல். பல வருஷங்களாக அதில் உளுத்தம்பருப்பு குடியிருக்கிறது. போன வாரம் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய என் மகள் பருப்பை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, ஜாடியைக் கழுவித் துடைத்து, தான் கொண்டுவந்த காகிதப் பெட்டியைப் பிரித்து அதற்குள் கொட்டினாள். பொன்னிறமாக எதுவோ சலசலவென்று விழுந்தது. "அப்பா, இது கிரனோலா. அங்கே இப்போ பாதிப் பேர் காலையிலே இதைத்தான் சாப்பிடறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். "தெரியும்" என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, இதே ஜாடியை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தவித்த மனிதரின் நினைவு வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. மகள் நான் பெட்டியைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. தியாகராய நகர் அப்போதுதான் மனை மனையாகப் பிரிந்து எழும்பிக்கொண்டிருந்தது. நானும் மனைவியும் கைக்குழந்தையுமாகக் குடியிருந்த தெருவில் வீடுகளைவிட முள்வேலிகள் அதிகம். தினமும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் வழியாக அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, ஆற்றங்கரையில் இருந்த ஒரு பழைய பங்களாவுக்கு வேலைக்குப் போவேன். அங்கே ஒரு அமெரிக்க துரைசானியம்மா தனியாக வசித்தார். ஐம்பது வயதிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வருகிற பறவைகளைப் பார்த்துப் பார்த்து வரைவதும், அவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதுவதும்தான் அவருக்கு முழுநேர வேலை. அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பது என் வேலை. வராந்தாவில் மேஜை, எதிரே ஆறு, பதினோரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். அப்படி ஒரு உத்தியோகம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

அந்த வீட்டை நடத்தியவர் பட்லர். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. துரைசானியம்மாவுக்கும் பட்லர், பால்காரருக்கும் பட்லர், சொந்த மனைவிக்கே பட்லர்தான். சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் கடலோரத்தில் வீடு. அவருடைய தகப்பனார் கட்டுமரம் ஏறியவர், இவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு துரைமார் வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்துவிட்டார். ஆள் குள்ளம். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டும் இடுப்பில் அகலமான சிவப்புப் பட்டையும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு அவர் சூப்பு கொண்டுவரும்போது, அந்தச் சூப்புக்கே நான் எழுந்து நிற்கலாமா என்று தோன்றும். இதற்குமுன் வேலை பார்த்த துரைமார் எழுதிக்கொடுத்த நற்சாட்சிக் கடிதங்களை மெழுகுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். முப்பது வருஷத்தில் எந்தத் துரையிடமும் எந்தத் துரைசானியிடமும் "தெரியாது" என்று தான் சொன்னதே கிடையாது என்பதுதான் அந்தக் கடிதங்களைவிடப் பெரிய பெருமை அவருக்கு. "தெரியாதுன்னு சொல்றவன் தோட்டக்காரன். தெரியும்னு சொல்லிட்டு அப்பால கத்துக்கினு வர்றவன் பட்லரு" என்பார். இது அவர் மட்டும் வைத்திருந்த சட்டம் இல்லை. அந்தக் காலத்து மெட்ராஸ் பட்லர்கள் எல்லோருக்குமே இதுதான் வேதம்.

அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க அவரிடம் ஒரு வித்தையும் இருந்தது. என்னவென்றே தெரியாத பண்டத்தை எஜமானி கேட்டால், தலையை லேசாகச் சாய்த்து, எல்லாம் அறிந்தவர் போல ஒரு கேள்வி கேட்பார். இப்படியா, அப்படியா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி. கெட்டியாகவா, தளர்வாகவா? முட்டை சேர்த்தா, சேர்க்காமலா? பதில் சொல்கிற சாக்கில் அவர்களே பாதிச் செய்முறையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு வேளைக்கு ஒரு கேள்விதான், அதற்குமேல் கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

அந்த வருஷம் மழைக்காலத்தில் துரைசானியம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டு, தேறி எழுந்தபோது பாதியாக இளைத்திருந்தார். கை நடுக்கம் நிற்கவில்லை. சொந்தக் கடிதங்களைக்கூட என்னிடம் சொல்லி டைப் அடிக்கச் செய்தார். அமெரிக்காவில் அவருக்கு ஒரு அக்கா. காய்ச்சல் செய்தி எட்டியதும் அந்த அம்மாள், இதற்குமேல் அந்த ஊரில் இருக்க வேண்டாம், சாப்பாடே உன்னைக் கொன்றுவிடும், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தார். இவர் அதற்குப் பதில் எழுதினார். நான்தான் அடித்தேன். கவலைப்படாதே, நம் வீட்டில் சாப்பிட்ட எல்லாமே எனக்கு இங்கும் கிடைக்கிறது, அம்மா செய்கிற கிரனோலாகூட காலையில் மேஜைக்கு வந்துவிடுகிறது என்று அவர் சொன்னபோது என் விரல் ஒரு கணம் நின்றது. அந்த மேஜைக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சியைத் தவிர வேறெதுவும் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் டைப்பிஸ்டுக்கு விரல் மட்டும்தான் உண்டு. அடித்து, கவரில் போட்டு, தபாலில் சேர்த்தேன்.

அக்கா அதை நம்பவில்லை. கப்பல் ஏறிவிட்டார். கொழும்பிலிருந்து தந்தி வந்தது, சனிக்கிழமை மெட்ராஸ் வந்து சேர்கிறார் என்று. தந்தி கையில் வந்த திங்கட்கிழமை காலையில் துரைசானியம்மா பட்லரைக் கூப்பிட்டு, ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்குக் கிரனோலா வேண்டும், உனக்குச் செய்யத் தெரியுமா என்று கேட்டார். பட்லர் இமைகூடக் கொட்டவில்லை. "யெஸ் மேடம். தெரியும் மேடம்" என்றார். கையோடு வித்தையையும் எடுத்தார். எப்போதும் செய்கிற மாதிரியா, இல்லை உங்கள் வீட்டு மாதிரியா? எங்கள் வீட்டு மாதிரிதான், அம்மா செய்வது போல, என்று துரைசானியம்மா மகிழ்ந்துபோனார். பட்லர் வணங்கிவிட்டு நேராக வராந்தாவுக்கு வந்து என் மேஜையின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"தம்பி, கிரனோலான்னா இன்னா?"

எனக்கும் தெரியாது. என்னிடமிருந்த ஆங்கில அகராதியில் அந்தச் சொல் இல்லை. நான் அவரிடம் கடிதத்தின் கதையைச் சொன்னேன். துரைசானியம்மா முன்னாலேயே இப்படி எழுதிவிட்டார், அக்கா வந்து பார்த்து அது பொய் என்று தெரிந்தால் பெட்டியைக் கட்டிக் கூட்டிப்போய்விடுவார், இந்த வீடு கலைந்தால் உமக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. எனக்கு வீட்டில் கைக்குழந்தை வேறு. பட்லர் தாடையைத் தடவிக்கொண்டார். "அப்ப கண்டுபுடிக்கத்தான் வேணும்" என்றார்.

அன்று முதல் வேளைக்கு ஒரு கேள்வி. லேசாகச் சிவந்தால் போதுமா, நன்றாகச் சிவக்க வேண்டுமா? பொன்னிறமாக, பல்லில் பட்டால் மொறுமொறுக்க வேண்டும். கொட்டை வகைகளை முழுசாகப் போடவா, உடைத்துப் போடவா? உடைத்து, நிறைய. அன்றன்றைக்குச் செய்வதா, செய்து வைப்பதா? செய்து வைக்கலாம், ஒரு வாரம் இருக்கும். இதோ இந்த ஜாடியில் போட்டு வை என்று இந்தக் கண்ணாடி ஜாடியை எடுத்துக்கொடுத்தார். பால் சூடாகவா, ஆறியா? ஆறிய பால். ஒவ்வொரு பதிலும் வந்ததும் பட்லர் வராந்தாவுக்கு வந்து என் காதில் ஓதுவார், நான் அதை டைப் அடித்து வைப்பேன். புதன்கிழமை மத்தியானம் அந்தக் காகிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து படித்துப் பார்த்தோம். பொன்னிறம், மொறுமொறுப்பு, உடைத்த முந்திரி, ஜாடியில் ஒரு வாரம். பட்லரின் முகம் மலர்ந்தது. "அடச்சே, இம்மாந்தானா? இது மிக்சரு தம்பி" என்றார்.

எனக்கும் சந்தேகமே தோன்றவில்லை. பால் என்பது தனியே குடிப்பதற்கு என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அன்று மாலை அவர் செய்த மிக்சர் இருக்கிறதே, அவலும் முந்திரியும் வேர்க்கடலையும் நெய்யில் வறுத்து, கறிவேப்பிலையைப் பொரித்துப் போட்டு, மிளகாய்த்தூளும் பெருங்காயமும் தூவி, அப்படி ஒன்றை நான் எந்தக் கடையிலும் தின்றதில்லை. இரண்டு கைப்பிடி தின்றுவிட்டு, ஒரு நிச்சயத்துக்காக இன்னும் ஒரு கேள்வி கேட்டுவிடும் என்றேன். இராச் சாப்பாடு பரிமாறும்போது கேட்டார். பால் பக்கத்தில் வைக்கவா, மேலே ஊற்றவா? துரைசானியம்மா ஆச்சரியப்பட்டாராம். மேலே ஊற்றித்தான், வேறு எப்படி? மறுநாள் காலை நான் போனதும் பட்லர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய் ஒரு கிண்ணத்தில் மிக்சரை வைத்து ஆறிய பாலை ஊற்றினார். பால் செக்கச்செவேல் என்று ஆயிற்று. கறிவேப்பிலை மிதந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் போட்டோம். அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பட்லரின் மனைவி வந்து சேர்ந்தார். மந்தைவெளிப் பக்கம் தெருத் தெருவாக மீன் விற்பவர். கூடை காலியானதும் பாலம் தாண்டி வந்து பின்கட்டில் சற்று உட்கார்ந்து போவது வழக்கம். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், கிண்ணத்தையும் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்தா பூடும்? முப்பது வருசமா இந்த ஆளு இதையே சொல்லிக்கினு கீறாரு."

பட்லர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று மத்தியானம் தேனா, சர்க்கரையா என்று கேட்டார். துரைசானியம்மா தேன் என்று சொல்லிவிட்டு, தானாகவே, டின்னில் ஓட்ஸ் போதுமான அளவு இருக்கிறதா என்று கேட்டார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. ஓட்ஸ்! கஞ்சியாகத் தவிர அதை வேறு விதமாக நினைத்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

டின்னைத் திறந்தால் அடியில்தான் கொஞ்சம் இருந்தது, அதிலும் பாதி வண்டு. புடைத்துச் சலித்த பிறகு இரண்டு கோப்பைகூடத் தேறவில்லை. மவுண்ட் ரோட்டுக் கடையில் அடுத்த கப்பலுக்குத்தான் வரும் என்று கைவிரித்துவிட்டார்கள். சரி, கொஞ்சமாகவே செய்வோம், இரண்டு பேர் ஒரு வேளை சாப்பிட்டால் போதும் என்றேன். பட்லருக்கு மேஜையில் அரை ஜாடி வைப்பது கௌரவக் குறைவு. வெள்ளிக்கிழமை காலை நான் வரும் வழியில் மயிலாப்பூர்க் குளக்கரைக் கடையில் கெட்டி அவலும் நெல்பொரியும் வாங்கி வந்தேன். இரண்டு கோப்பை ஓட்ஸ், ஒரு கோப்பை அவல், ஒரு கைப்பிடி பொரி, உடைத்த முந்திரி, தோல் ஊதிய வேர்க்கடலை. கடைசியில் அவருக்கே என்ன தோன்றியதோ, தோட்டத்துத் தேங்காய் ஒன்றை உடைத்து நகம் போல மெல்லிய சில்லுகளாகச் சீவிப் போட்டார். தேனையும் நெய்யையும் சேர்த்து இளஞ்சூடாக்கி மேலே ஊற்றிப் பிசறி, தகரத் தட்டில் பரப்பினார். அவருடைய அடுப்பு, மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கவைத்து வெட்டிச் செய்தது. கீழே கரி நெருப்பு, மேலே மூடியின்மேல் கொஞ்சம் கங்கு. வாசனை வரும்போதெல்லாம் திறந்து ஒரு கிளறு. ஓரம் கருகாமல், நடு வேகாமல் போகாமல், தட்டு முழுவதும் ஒரே பொன்னிறமாக அது வெளியே வந்தபோது ஆறு வரைக்கும் மணந்தது. சுடச்சுட ஜாடியில் போட்டு இறுக மூடினோம்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் ஜாடியின் உள்பக்கம் முழுக்க வியர்த்திருக்கிறது. மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். நமுத்துப்போன அப்பளம். பட்லர் அடுப்பங்கரைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர் மனைவியிடம் ஆளனுப்பினேன். அந்த அம்மாள் வந்து ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். "கருவாட்டையே ஆறவுட்டுத்தான் கட்றோம். சுடச்சுட மூடினா வேர்க்காம இன்னா பண்ணும்?" என்று கேட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே காரியத்தில் இறங்கினார். எல்லாவற்றையும் மறுபடி தட்டில் பரப்பி, தணிந்த நெருப்பில் வாட்டி, வலைத்துணி மூடி முற்றத்து நிழலில் ஆறவைத்தார். ஈரத்தை இழுத்துக்கொள்ள வறுத்த அரிசியைச் சின்னத் துணியில் பொட்டலமாகக் கட்டி ஜாடியின் அடியில் போட்டார். எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடும்போதுதான் பட்லரின் கை தவறி மூடியின் ஓரம் உடைந்தது. மத்தியானம் ஜாடியைக் குலுக்கிப் பார்த்தோம். கலகலவென்றது. மாலையில் அக்கா துறைமுகத்திலிருந்து வந்து இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ஆனால் டைப் அடித்த பக்கங்களை அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று துரைசானியம்மா என்னை வரச் சொல்லியிருந்தார். அதனால் திறந்த கதவுக்கு இப்பால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அக்கா நெடுநெடுவென்று உயரம், கண்டிப்பான முகம். பட்லர் ஜாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, கிண்ணங்களில் போட்டு, ஆறிய பாலை ஊற்றினார். அக்கா ஒரு கரண்டி வாயில் போட்டு மென்றார். கரண்டியைக் கீழே வைத்தார். இது கிரனோலா இல்லை என்றார். பிறகு தங்கையைப் பார்த்து, வீட்டில் போலவே எல்லாம் கிடைக்கிறது என்று எழுதினாயே, அதில் எழுதினது அத்தனையும் இப்படித்தானா, இனிமேல் உன் பேச்சை நான் எப்படி நம்புவது என்று கேட்டார். துரைசானியம்மாவின் முகம் சிவந்தது. மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சலில்கூட அவரை நான் அவ்வளவு சிறுத்துப் பார்த்ததில்லை.

பட்லர் பால் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார். அவருடைய பட்லர் இங்கிலீஷை அப்படியே எழுதினால் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அம்மா பொய் எழுதல மேடம். செய்யத் தெரியும்னு நான்தான் சொன்னேன். அத நம்பி அவங்க எழுதிட்டாங்க. எனக்குத் தெரியாது மேடம்."

தெரியாது. முப்பது வருஷத்தில் முதல் தடவை. தலைப்பாகையும் சிவப்புப் பட்டையுமாக, இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, ஒரு துரைசானிக்கு இரண்டு துரைசானியாக வைத்துக்கொண்டு சொன்னார். அதைச் சொன்ன அதே மூச்சில் ஒரு பொய்யும் கலந்திருந்தது என்பது எனக்குத் தெரியும், துரைசானியம்மாவுக்கும் தெரியும். கடிதம் போனது முன்னால், பட்லரைக் கேட்டது பின்னால். துரைசானியம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். 

அக்கா கிண்ணத்தை ஒருமுறை கிளறிப் பார்த்தார். பிறகு, தெரியாமலா இதைச் செய்தாய், அப்படியென்றால் இது என்ன என்று கேட்டார். பட்லர் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார். ஓட்ஸ் கொஞ்சம், அவல், பொரி, தேன். அக்கா கரண்டியால் ஒரு சில்லை எடுத்து உயர்த்திக் காட்டினார். தேங்காய் என்று சொல்லிவிட்டு பட்லர் ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தைக் கைகாட்டினார். அந்த அம்மாள் மரத்தைப் பார்த்தார், சில்லை வாயில் போட்டுக் கடித்தார், இன்னொன்றைத் தேடி எடுத்தார். கிண்ணம் காலியானது. ஜாடியைத் தன் பக்கம் இழுத்து மறுபடி போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துத் துரைசானியம்மா சிரிக்க ஆரம்பித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டோம். அக்காவும் வாயில் கரண்டியோடு சிரித்துவிட்டார். மூன்று வாரம் தங்கினார். பெட்டி கட்டும் பேச்சை ஒரு நாள்கூட எடுக்கவில்லை. போகும்போது ஒரு டின் நிறைய அதையே, தேங்காயை மட்டும் இரட்டிப்பாகப் போடச் சொல்லி, எடுத்துக்கொண்டு தனியாகவே கப்பல் ஏறினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது பட்லர் வாசல் வரை வந்தார். கடிதம் முன்னாலேயே போய்விட்டது என்று உம்மிடம் சொல்லியிருந்தேனே என்று கேட்டேன். "தெரியும் தம்பி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் தெரியாதுன்னு சொன்னத மட்டும் எங்க வூட்ல சொல்லிடாத. அப்பால என்னால அங்க குடியிருக்க முடியாது" என்றார். நான் சொல்லவில்லை. அவரும் அவருடைய மனைவியும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

துரைசானியம்மா அதற்குப் பிறகும் சில வருஷம் அங்கே பறவைகளை வரைந்துகொண்டிருந்தார். யுத்தம் வரப்போகிறது என்ற பேச்சு வலுத்தபோதுதான் ஊருக்குப் போனார். ஜாடியைப் பட்லருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இதுல மீனையா வக்கிறது என்று மனைவி மறுத்துவிட்டதால் அது என் சைக்கிள் பின்னால் ஏறிக்கொண்டு தியாகராய நகருக்கு வந்தது. எங்கள் தெருவில் இப்போது முள்வேலி ஒன்றுகூட இல்லை.

மகள் காலிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷம் கழித்து வந்திருக்கிறாள். அங்கே தான் என்ன சாப்பிடுகிறாள், எப்படி இருக்கிறாள் என்றெல்லாம் சொல்ல வேண்டும் என்ற ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"தெரியாதும்மா. நீயே சொல்லு" என்றேன்.

சொன்னாள். ஓட்ஸ், தேன், கொட்டைகள், எவ்வளவு நேரம் அடுப்பில், ஏன் ஆறவிட்டு மூட வேண்டும் என்பதுவரை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். அவள் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"தேங்காய் துருவிப் போடுவாங்களா, சீவிப் போடுவாங்களா?"

"தேங்காயா? அதெல்லாம் போடவே மாட்டாங்கப்பா" என்று சிரித்தாள்.

நான் கொல்லைக்குப் போய் ஒரு தேங்காயை எடுத்துவந்து உரிக்க உட்கார்ந்தேன்.